கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் அக்கா

மைசூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரமே அக்கா ஒரு கேபிளைப் பிடுங்கினார். தெரியாமல் கை பட்டு அல்ல. மேலாளரிடம் அனுமதி வாங்கி, எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, பட்டப்பகலில் பிடுங்கினார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கன்னடக்காரர்களுக்கும் அவர் அக்காதான். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஒன்றே என்பது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் கௌதள்ளி என்ற ஊரில் பிறந்தவர். பெங்களூரில் நிறைய வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கலாம் என்று மைசூருக்கு மாறி வந்திருந்தார். குள்ளமான உருவம், பெரிய குரல். பருத்திப் புடவைக்குக் கீழே ஓடுவதற்கான ஷூ. இயந்திரங்கள் இருக்கும் குளிர் அறைக்குள் போகும்போது மட்டும் கணவருடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார். அது முழங்கால் வரை தொங்கும்.

அவர் எங்கள் ஸ்டோரேஜ் பிரிவுக்குத் தலைவியாக வந்தார். நான் நெட்வொர்க் ஆள். மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள் எல்லாம் அந்தக் குளிர் அறையில் இருக்கும் பெரிய சேமிப்புப் பெட்டிகளுக்குள் போய் உட்காரும். டாக்டர் தன் அறையிலிருந்து கேட்டால் அங்கிருந்து படம் வர வேண்டும். போகவும் வரவும் வழி விடுபவை ஸ்விட்ச் என்று நாங்கள் சொல்லும் நெட்வொர்க் பெட்டிகள். அவற்றில் ஒரு விசிறி நின்றாலும், மின்சாரம் கொடுக்கும் பகுதி கெட்டாலும், ஒரு கேபிள் கழன்றாலும், பெட்டியே ஒரு சின்னச் செய்தி அனுப்பும். சேமிப்பை மேற்பார்க்கும் மென்பொருள் அதை வாங்கி எங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏற்பாடு அதுதான்.

அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.

"இந்தப் பெட்டியில ஏதாச்சும் பழுதுன்னா நமக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"அலர்ட் வரும்க்கா."

"வந்திருக்குதா?"

"நான் வந்ததிலிருந்து ஒண்ணும் வந்ததில்லைக்கா. ப்ராப்ளமே இல்லை, அல்வா?" 'இல்லையா' என்பதற்கு என் வாயில் கன்னடம்தான் வரும்.

"ப்ராப்ளம் இல்லையா, இல்ல சொல்றதுக்கு ஆளு இல்லையா?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேபிளைப் பிடுங்கினார். ஒரு பழைய சோதனைக் கணினிக்குப் போகும் கேபிள். நோயாளிக்கோ டாக்டருக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். டீ வந்தது, குடித்தோம். திரையில் எல்லாமே நலம் என்று பச்சையாகவே இருந்தது.

மேலாளர் கன்னடக்காரர், நிதானமான மனிதர். என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஒன்றும் ஆகவில்லை சார், அதுதான் ப்ராப்ளம்" என்று அக்கா கன்னடத்தில் சொன்னார்.

தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. நாங்கள் யாரும் சேர்வதற்கு முன்பு பழைய கட்டடத்தில் இருந்த ஒரு கணினியின் முகவரிக்குத்தான் எல்லாப் பெட்டிகளும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தக் கணினியைக் கழற்றி எடைக்குப் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பாவம், பெட்டிகள் தங்கள் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன.

அடுத்த சில வாரங்கள் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தோம். ஒவ்வொரு ஸ்விட்சிலும் நுழைந்து புது முகவரியைக் கொடுத்தோம். மென்பொருளில் ஒவ்வொரு ஸ்விட்சையும் பதிந்து, இதனிடமிருந்து வருவதை வாங்கிக்கொள் என்று சொன்னோம். ஒன்று முடிந்ததும் அக்கா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய் ஒரு கேபிளைப் பிடுங்குவார். நான் திரையைப் பார்த்து, "வந்திருச்சுக்கா!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் அடுத்த பெட்டி.

எல்லாம் இணைந்த பிறகுதான் அடுத்த தொல்லை ஆரம்பித்தது. செய்திகள் மழையாகக் கொட்டின. யாரோ ஒரு கணினியை அணைத்தாலும் செய்தி, திரும்பப் போட்டாலும் செய்தி. மேலாளரின் கைப்பேசி ஒரு நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்து, மாலையில் அவர் அதை மேஜையில் வைத்து, "அக்கா, இதை நிறுத்திடுங்க. இல்லேன்னா என்னை நிறுத்திடுங்க" என்றார்.

அக்கா நிறுத்தவில்லை, பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வகைச் செய்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார். "இது வந்தா யாரு எந்திரிச்சுப் போவாங்க?" யாரும் எழுந்து போகத் தேவையில்லை என்றால் அது கணினியிலேயே பதிவாகிக் கிடக்கட்டும், கைப்பேசிக்கு வர வேண்டாம். எழுந்து போக வேண்டியது என்றால் அதன் எதிரே ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும். மேலாளர், "டீமுக்கே மொத்தமாப் போகட்டுமே, யாராவது பார்ப்பாங்க" என்று சொன்னபோது அக்கா தலையாட்டி மறுத்தார்.

"யாராவதுன்னு ஒரு ஆளு நம்ம ஆபீஸ்ல இருக்குதுங்களா சார்?"

அன்று மதியம் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். அவருடைய அப்பா கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, மாமா ஒருவர் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில், மோசமாக இருக்கிறது, யாராவது வாருங்கள் என்று போட்டாராம்.

"எல்லாரும் பாத்தோம் கண்ணு. தம்பி ஈரோட்டுல இருக்கறான், அவன் போயிருப்பான்னு நான் இருந்துட்டேன். அக்கா போயிருக்கும்னு அவன் இருந்துட்டான். நாங்க போய்ச் சேந்தப்ப அப்பா பக்கத்துல ஒருத்தருமில்லை. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

சொல்லிவிட்டு டப்பாவை மூடினார்.

அவருடைய சோதனைகள் குளிர் அறையோடு நிற்கவில்லை. அவர் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஓர் அபாய மணி இருக்கும். எல்லா லிஃப்டிலும்தான் இருக்கிறது. அக்கா குடிபோன அன்றே அதை அழுத்திவிட்டு லிஃப்டுக்குள்ளேயே நின்றிருக்கிறார், யார் வருகிறார்கள் என்று பார்க்க. காவலாளி வரவில்லை, மணி கெட்டுப்போயிருந்தது. மணியைச் சரிசெய்யும் வரை குடியிருப்போர் சங்கத்தலைவரைக் காணும்போதெல்லாம் வணக்கத்துக்குப் பதில், "மணி என்னாச்சுங்க?" என்றுதான் கேட்பாராம். சாமராஜநகர் பேருந்தில் ஏறினால் அவசர ஜன்னல் திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடுமா என்று சமையல்காரரிடம் விசாரிப்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் விசாரிப்பதை விடமாட்டார்.

ஒரு மத்தியானம் உண்மையிலேயே ஒரு செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. ஸ்கேன் படங்கள் போகும் ஸ்விட்ச் ஒன்றில் மின்சாரம் கொடுக்கும் இரண்டு பகுதிகளில் ஒன்று நின்றுவிட்டது; மாற்றவும். அந்தப் பெட்டி இன்னொன்றின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றால் அறுவை சிகிச்சை அறைகளுக்குப் படம் போகாது. நான் எழுந்து ஓடினேன். கையிருப்பில் இருந்த புதிய பகுதியை அக்காவும் நானுமாக மாட்டினோம். மேலே மூன்றாவது மாடியில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அறுவை செய்துகொண்டிருந்தார். அவருக்கு இது தெரியாது. இன்றுவரை தெரியாது.

அன்று மாலை அக்கா எங்கள் எல்லோரையும் அக்ரஹாரம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் தள்ளுவண்டிக்காரரிடம் சுருமுரி என்னும் மசாலாப் பொரி வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று மேலாளர் கேட்டார்.

"இன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைல்ல சார், அதுக்கு" என்றார் அக்கா. பொரியும் காரட்டும் வாய் நிறைய இருக்க, அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்தது அன்றுதான்.

ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு புது ஆசை வந்துவிட்டது. செய்தி வருகிறது, சரி. ஆள் வருவாரா?

ஒரு சனிக்கிழமை காலை என் சித்தி பேத்திக்குக் காதுகுத்து. கோவில் மண்டபத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்தது நான்தான். கைப்பேசியில் செய்தி வந்தது: முக்கிய வழி அறுந்துவிட்டது. குழந்தையை யார் கையிலோ கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரில் பறந்தேன். மருத்துவமனையில் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா கண்ணு! நல்லது. ஒண்ணுமில்லை, நான்தான் சும்மா அனுப்பிப் பாத்தேன்."

"சும்னே அனுப்பினீங்களா? அங்கே குழந்தையை விட்டுட்டு வந்திருக்கேன்க்கா!"

"கோவிச்சுக்காதே. வந்துட்டேல்ல? வேலை செய்யுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் போனபோது காதுகுத்து முடிந்து, குழந்தை தூங்கிப்போயிருந்தது. திங்கட்கிழமை நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதே ஆசையில்தான் தம்பியையும் சோதித்தார். அந்தக் கதையை அவரே எனக்குச் சொன்னார், முதலில் பெருமையாக. ஒரு ஞாயிறு அம்மாவைப் பார்க்கக் கௌதள்ளிக்குப் போயிருந்தவர், ஈரோட்டில் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, "தம்பி, அம்மா விழுந்துட்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவன் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு, அந்தியூர் வழியாகப் பர்கூர் மலை ஏறி, மழையில் வந்து சேர்ந்தான். அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சீக்கிரம் வந்துபோட்டான் தெரியுமா கண்ணு!"

"அவர் ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"ஒண்ணும் சொல்லலை. அம்மாவைப் பாத்தான், என்னைப் பாத்தான். வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டான். சாப்பிடக் கூட இல்லை."

சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டு நாள் கழித்து அம்மா போனில் அழுதபோதுதான் மீதிக் கதை அவருக்குத் தெரிந்தது. வரும்போதே மலை வளைவில் வண்டி சறுக்கி அவன் விழுந்திருக்கிறான். முழங்காலில் தையல் போட்டிருக்கிறார்கள். அன்று பேன்ட்டில் இருந்தது சேறு என்று நினைத்தாராம் அக்கா.

அதிலிருந்து தம்பி அவருடைய போனை எடுக்கவில்லை. என்ன விஷயமானாலும் அம்மா மூலமாகத்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரவில்லை. அக்கா அலுவலகத்தில் பேசுவது குறைந்தது. ஒரு நாள் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தார். சோதனைக்காக அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் 'சோதனை' என்ற சொல்லைச் சேர்த்தார். அதோடு, சோதிக்கும் முன்பு சம்பந்தப்பட்ட ஆளுக்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்று விதியும் வைத்தார். என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்குக் குழந்தை அழுதுச்சா?" என்று கேட்டார். தூங்கிவிட்டது என்றேன். "ம்" என்றார். எங்களுக்குள் அது அப்படித்தான் சரியாயிற்று.

மறு வருடம், மழைக்காலம் முடிகிற சமயம். காலையில் கௌதள்ளியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். ஆம்புலன்சில் எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், அம்மாவைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்பே படம் டாக்டரின் திரைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அறுவை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். தன் மகள் பார்த்துப் பார்த்துக் கட்டிக் காத்த வழியாகத்தான் தன் எலும்பின் படம் போகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அக்காவும் அன்று அதை நினைத்ததாகத் தெரியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடைவழிக்கு வந்தார். கைப்பேசி கையில் இருந்தது. தம்பியின் பெயரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"என்ன சொல்லிக் கூப்பிடறது கண்ணு? அதே வார்த்தைதான சொல்லோணும்."

"நான் பேசட்டுமாக்கா? என் குரல்னா நம்புவார்."

நம்புவார் என்று நான் சொன்னது அவரைக் குத்தியிருக்க வேண்டும்.

"வேண்டாம். நான்தான் சொல்லோணும்."

போட்டார். அத்தனை மாதமாக எடுக்காதவன் உடனே எடுத்துவிட்டான். அது அவரைத் தடுமாற வைத்துவிட்டது. வணக்கமில்லை, விளக்கமில்லை.

"தம்பி, அம்மா விழுந்துட்டா."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா, "மைசூர்ல. எங்க ஆஸ்பத்திரியிலதான்" என்றார். பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார்.

"எங்கேன்னு கேட்டான். வர்றேன்னான். வேற ஒண்ணுமே கேக்கலை கண்ணு."

அன்று வெளிச்சம் இருக்கும்போதே தம்பி வந்து சேர்ந்தான், மனைவியோடு, திம்பம் மலை வழியாகப் பேருந்தில். உயரமான ஆள், அக்காவின் சாடை கொஞ்சமும் இல்லை. நேராக அம்மாவிடம் போனான். இரவு முழுக்க அம்மாவின் பக்கத்தில் அவனும் மனைவியும் இருந்தார்கள். அக்காவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்துக் கடை எங்கே, வெந்நீர் எங்கே கிடைக்கும், அவ்வளவுதான்.

அறுவை நன்றாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, இரண்டு மூன்று நாளில் நிற்க வைத்துவிடலாம் என்று சொன்ன பிறகு நான் தம்பியைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாளிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இட்லித் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து அக்கா கூப்பிட்டப்ப நிஜமா பொய்யான்னு சந்தேகமே வரலையா உங்களுக்கு?"

அவன் இட்லியைப் பிட்டபடியே யோசித்தான்.

"வந்துச்சுங்க. கௌதள்ளிக்கு அந்தியூர்ப் பக்கம் போறதா, மைசூருக்குச் சத்தியமங்கலம் பக்கம் போறதான்னு கேக்கத்தான் எங்கேன்னு கேட்டேன். நெசமான்னு கேக்கலை."

"ஏன்?"

"கேட்டு, பொய்யின்னா என்ன பண்றது? அப்பவும் வரத்தானுங்க போறேன். அப்பாவுக்கு நான் வரலை. அது போதும்ங்க. அக்கா மேல கோவம் இருக்குது, இல்லைன்னு சொல்லலை. கோவம் வேற, வர்றது வேற."

அப்போதுதான் கவனித்தேன், அக்கா ஃபிளாஸ்கோடு எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தம்பியும் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அக்கா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்து, "தப்புடா தம்பி. நான் அப்படிப் பண்ணியிருக்கக்கூடாது" என்றார்.

தம்பி கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டான். தட்டைத் தன் பக்கமிருந்து இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தான். "நீயும் நேத்துலேருந்து சாப்பிடலைன்னு என் சம்சாரம் சொன்னா" என்றான். "சட்னி இன்னும் கொஞ்சம் வாங்கியாறட்டுமா?"

"வாங்கு" என்றார் அக்கா.

அம்மா தேறினார். வாக்கரைப் பிடித்தபடி அக்காவின் வீட்டில் சில மாதம் நடந்து பழகினார். தம்பி மாதம் தவறாமல் வந்தான். பிறகு ஒருநாள், மூவரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டதாக அக்கா சொன்னார். தம்பி ஈரோட்டில் தன் வீட்டின் கீழ்ப்பகுதியை அம்மாவுக்காகப் படியில்லாமல் மாற்றிக் கட்டியிருந்தான். அக்காவுக்கும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வாரக் கடைசிதோறும் ஈரோட்டுக்குப் போய்வரலாம்.

அவர் கிளம்பிய அன்று மேலாளர் சால்வை போர்த்தினார். நாங்கள் எல்லோரும் கீழே இறங்கி வந்தோம். தம்பி கார் கொண்டுவந்திருந்தான். முன்னிருக்கையில் அம்மா உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் கை காட்டினார். அக்கா பின்னால் ஏறி, பைகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போது அவர் ஜன்னலை இறக்கி என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் தம்பி முன்னாலிருந்து, "அக்கா, கதவைச் சரியாச் சாத்துனியா?" என்று கேட்டான். அவர் என்னை விட்டுவிட்டு அவனோடு வாதாட ஆரம்பித்தார். கார் வாசலைத் தாண்டித் திரும்பும் வரை அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.